ஒரு கோப்பைத் திறக்க எத்தனை நடை?

தலைமை அலுவலகக் கணினிப் பிரிவில் இருப்பவர்களுக்கும், கிளைகளுக்கு எந்த லைன், எவ்வளவு வேகம் என்று முடிவு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தொலைவில் இருக்கும் ஒரு கிளையில் கணக்கு வேலை பார்ப்பவன். கணினி கொஞ்சம் தெரியும் என்பதால் இங்கே எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கடந்த சில மாதங்களாக அந்தக் கூப்பாடு பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான்: "ஃபைல் ஓப்பன் ஆக மாட்டேங்குது."

கோப்பு உங்கள் கட்டடத்தில் இருக்கும் சர்வரில் இருக்கிறது. நாங்கள் இங்கிருந்து அதை இரண்டு முறை சொடுக்குகிறோம். வட்டம் சுற்றுகிறது. எக்செல் திரை வெளுத்துப்போய் 'பதிலளிக்கவில்லை' என்கிறது. பொறுமை உள்ளவர்கள் காத்திருக்கிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் நிரலை வலுக்கட்டாயமாக மூடிவிட்டு மறுபடி சொடுக்குகிறார்கள். அப்போது "இந்தக் கோப்பை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்" என்று வருகிறது. அந்த வேறொருவர், ஒரு நிமிடத்துக்கு முன்பு மூடிய அவரேதான். எக்செல் கோப்பைத் திறக்கும்போது யார் திறந்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்க அதே ஃபோல்டரில் மறைவாக ஒரு சிறு கோப்பை உருவாக்கும். முறையாக மூடினால்தான் அதை அழிக்கும். நடுவில் நிரலைக் கொன்றால் அந்தச் சிறு கோப்பு அங்கேயே கிடக்கலாம். கிடந்தால் அடுத்து வருபவர்களையும் மறிக்கும். சர்வரும் பழைய இணைப்பு அறுந்ததை உடனே உணராமல் கோப்பைப் பூட்டியே வைத்திருக்கலாம்.

இதைப் பற்றி எழுதியபோதெல்லாம் எங்களுக்கு வந்த பதில் ஒன்றுதான்: லைனைப் பெரிதாக்குகிறோம். பெரிதாக்கவும் செய்தீர்கள். 20 எம்பிபிஎஸ் வேகம் இருந்த இடத்தில் 100 வந்தது. அதற்காகச் செலவு செய்த உங்கள் நல்ல எண்ணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே கோப்பை வைத்து நேரம் பார்த்தேன். 4 எம்பி அளவுள்ள எக்செல் கோப்பு. முன்பு திறக்க 48 வினாடி, பிறகு 47.

சரி, அதே கோப்பை என் கணினியின் டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தேன். 6 வினாடி. நகலை அங்கிருந்து திறந்தேன். கண் இமைப்பதற்குள் திறந்துவிட்டது.

இந்த மடலில் நான் சொல்ல வருவது முழுக்க இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. முழுக் கோப்பும் 6 வினாடியில் வந்து சேர்கிறது என்றால், மீதி நாற்பது சொச்சம் வினாடி எங்கே போகிறது? சரக்கு வருவதில் போகவில்லை. நடையில் போகிறது.

கிணற்றடிக்குப் போய் ஒரே நடையில் குடம் நிறைய நீர் கொண்டு வருவது ஒன்று. டம்ளர் டம்ளராக எழுநூறு நடை நடப்பது வேறொன்று. பாதையை எவ்வளவு அகலமாக்கினாலும் இரண்டாவது ஆளுக்கு ஒரு பயனும் இல்லை. லைனின் எம்பிபிஎஸ் என்பது பாதையின் அகலம். எங்களைக் கொல்வது பாதையின் நீளம்.

நீளத்தை, போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் என்ற கட்டளை சொல்லிவிடும். எங்கள் மேசையிலிருந்து உங்கள் சர்வருக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 60 மில்லி வினாடி ஆகிறது. உங்கள் கட்டடத்துக்குள் அதே கேள்விக்கு ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. லைனில் போய்வருவதைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் என்ற நிரலை வைத்து, அந்த ஒரு கோப்பைத் திறக்கும்போது என் கணினி சர்வரிடம் எத்தனை கேள்வி கேட்கிறது என்று எண்ணினேன். எழுநூறை ஒட்டி வந்தது. பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கிறது. எழுநூறு நடை, நடைக்கு 60 மில்லி வினாடி: 42 வினாடி. உங்கள் மேசையில் அதே எழுநூறும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். அதனால்தான் "இங்கே நன்றாகத்தானே திறக்கிறது" என்று நீங்கள் சொல்லும்போது நீங்கள் சொல்வதும் உண்மை. நாங்கள் சொல்வதும் உண்மை.

எழுநூறு கேள்வி அப்படி என்னதான் கேட்கிறது? படித்துப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. இந்த ஃபோல்டர் இருக்கிறதா, அதற்கு மேல் ஃபோல்டர் இருக்கிறதா, இந்தப் பெயரில் ஒரு கோப்பு உண்டா, கடைசியாக எப்போது மாறியது, எனக்கு எழுத அனுமதி உண்டா. கேட்டதையே மறுபடி கேட்கிறது. இல்லாத கோப்புகளைத் தேடுகிறது, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த இடத்தில் தேடுகிறது. எக்ஸ்புளோரர் ஒரு பக்கம் கேட்கிறது, எக்செல் ஒரு பக்கம், வைரஸ் தடுப்பு நிரல் இன்னொரு பக்கம். கோப்பின் உள்ளடக்கத்தைப் படிப்பது இந்தக் கூட்டத்தில் சிறு பங்குதான்.

இந்தப் பேச்சு வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு அடியில் இருக்கும் எஸ்எம்பி என்ற நெறிமுறை (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை) 1980களில், ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளுக்காகப் பிறந்தது. பக்கத்து அறையில் இருப்பவரிடம் எத்தனை முறை கேட்டால் என்ன என்ற காலம் அது. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பில், நூற்றுக்கும் மேல் இருந்த கட்டளைகளை 19 ஆகக் குறைத்தார்கள். பல கேள்விகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பவும், பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததைக் கேட்கவும் வழி செய்தார்கள். விண்டோஸ் 7 காலத்து 2.1 பதிப்பில், ஒருமுறை வாங்கிய தகவலைக் கணினியே கையில் வைத்துக்கொள்ளும் வசதி இன்னும் மேம்பட்டது. இவையெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்காகவே செய்யப்பட்டவை என்று சொல்லலாம்.

ஆனால் இரண்டு பக்கமும் புரிந்துகொள்ளும் பதிப்பில்தான் பேச்சு நடக்கும். பழைய விலைப்பட்டியல்கள் இருக்கும் அந்தப் பழைய சேமிப்புப் பெட்டிக்கு முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். எங்கள் கணினிகளில் அதற்காகவே முதல் பதிப்பைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் பரவியது அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு முதல் விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதையே நிறுத்தத் தொடங்கியது. வேகத்துக்காக இல்லாவிட்டாலும், பாதுகாப்புக்காகவாவது அந்தப் பெட்டியை ஓய்வு பெறச் செய்யுங்கள்.

இன்னொரு கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். 100 எம்பிபிஎஸ் லைனில் 4 எம்பி வர 6 வினாடி ஏன்? எனக்கும் அதுதான் உறுத்தியது. லைனில் சரக்கை அனுப்பும் டிசிபி என்ற விதிமுறையின் பழைய கணக்கில், பதில் வராமல் ஒரே நேரத்தில் வழியில் இருக்கக்கூடிய சரக்கு 65,535 பைட்டுகள்தான். 60 மில்லி வினாடிக்கு ஒருமுறை 65,535 பைட் என்றால், கணக்குப் போட்டால் 9 எம்பிபிஎஸ்கூட எட்டாது, லைன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். இந்த வரம்பைத் தாண்டும் வழி 1992லேயே தரமாக எழுதப்பட்டுவிட்டது. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். எங்கள் கணினிகளில் அந்தத் தானியங்கிச் சரிசெய்தல் அணைக்கப்பட்டிருக்கிறது. யாரோ எப்போதோ எதற்காகவோ அணைத்து, அதே அமைப்பை எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அனுமதி இல்லாததால் நான் தொடவில்லை. 20ஐ 100 ஆக்கியும் எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்: பழைய 20லேயே ஒரு கோப்பை இழுக்கும்போது பாதிக்கு மேல் எங்களால் பயன்படுத்த முடிந்ததில்லை.

அடுத்தது கடிதங்கள். எக்செல்லை விட்டுவிட்டு வேர்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இதுதான் எங்களை அதிகம் வாட்டியது. 50 கேபி கூட இல்லாத இரண்டு பக்கக் கடிதம். அது திறக்க ஒரு நிமிடத்துக்கும் மேல். எல்லாக் கடிதமும் அல்ல, பழையவையும் அவற்றிலிருந்து நகலெடுத்து எழுதியவையும் மட்டும். புதிதாக எழுதியவை சட்டென்று திறந்தன. பல நாள் இது எனக்குப் புரியவில்லை. வேர்டின் டாக்ஸ் (.docx) கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டைதான் என்பது நினைவுக்கு வந்து, ஒன்றின் பெயரை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வேர்டின் அமைப்புகளுக்கான தொடர்புக் கோப்பில், கடிதத்தலைப்பு டெம்ப்ளேட் இருக்கும் முகவரி எழுதியிருந்தது. அந்த முகவரியில் இருந்த சர்வரை நீங்கள் எப்போதோ எடுத்துவிட்டீர்கள். கடிதத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வேர்டு, இல்லாத அந்த சர்வரைத் தேடி, கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, கடைசியில் கைவிட்டு, அதன் பிறகே கடிதத்தைக் காட்டியது.

இறந்தவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பது போலத்தான் அது. அந்த ஒரு நிமிடத்துக்காக என் சக ஊழியர்கள் எத்தனை பேர் தங்கள் கணினியைக் குறை சொன்னார்கள், எத்தனை பேர் தங்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள் என்று எண்ணும்போது மனது வலிக்கிறது. ஓய்வுபெறப் போகும் வயதில் இருக்கும் ஒரு அக்கா, "எனக்குத்தான் கம்ப்யூட்டர் சரியா வரலை தம்பி" என்று சொன்னார். அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை.

உங்கள் கட்டடத்தில் இது இவ்வளவு கடுமையாகத் தெரிந்திருக்காது. ஒரே வலையமைப்புக்குள், அந்தப் பெயர் இல்லை என்ற பதில் சீக்கிரம் கிடைத்துவிடும். எங்கள் கேள்வியோ விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போய், எங்கோ தடுப்புச் சுவரில் (ஃபயர்வால்) பேச்சில்லாமல் விழுங்கப்படுகிறது. 'இல்லை' என்ற பதில் வந்தால்கூடப் போதும், வேர்டு நகர்ந்துவிடும். பதிலே வராததுதான் கொடுமை. எடுத்துவிட்ட சர்வர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும். அந்தப் பெயர்கள் டெம்ப்ளேட்டிலும், எக்செல் இணைப்புகளிலும், மேப் செய்த டிரைவ்களிலும், இயல்பு பிரிண்டர் அமைப்பிலும் இன்னும் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று தேடி அகற்றுங்கள். ஒரு பைசா செலவில்லாத வேலை இது. இந்த மடலில் கேட்பவற்றில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

வைரஸ் தடுப்பு பற்றி ஒரு வார்த்தை. சர்வர் தன் பக்கம் கோப்பைச் சோதிக்கிறது. எங்கள் கணினியும் அதே கோப்பை லைன் வழியாக இழுத்து மறுபடி சோதிக்கிறது. அணைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களே நம்பிப் பராமரிக்கும் சர்வரில் இருக்கும் கோப்புகளை இரு முனையிலும் சோதிக்க வேண்டுமா என்பதை உங்கள் பாதுகாப்புக் குழு உட்கார்ந்து யோசிக்கட்டும்.

அப்புறம், எங்கள் கணினிகள் உள்நுழையும்போது எந்த சர்வரிடம் போகின்றன என்பதையும் பாருங்கள். கிளைக் கணினிகளின் ஐபி முகவரி வரிசையை, நிறுவனக் கணினிகளின் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் சரியான தளத்தோடு (கிளை இருக்கும் இடம்) சேர்க்காவிட்டால், பக்கத்தில் இருக்கும் சர்வரை எங்கள் கணினிகளால் அடையாளம் காண முடியாது. எங்கோ இருக்கும் ஒன்றிடம் போய் நிற்கும். பகிர்வு ஃபோல்டரின் பொதுப்பெயரைச் சொன்னால் எந்த சர்வரைக் காட்டுவது என்று டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வசதி முடிவு செய்வதும் இதே தகவலை வைத்துத்தான். நாங்கள் இடம் மாறியபோது ஐபி வரிசை மாறியது. அங்கே மாற்றினீர்களா என்று எனக்கு இதுவரை பதில் வரவில்லை.

பிராஞ்ச்கேஷ் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் இழுத்த கோப்பைக் கிளையிலேயே வைத்து அடுத்தவருக்குத் தரும் வசதி. நீங்கள் அதை இயக்கிப் பார்த்ததாகவும், பயனில்லை என்று அணைத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். பயனில்லாததற்குக் காரணம் எளிதாக இருக்கலாம். போய்வர ஆகும் நேரம் 80 மில்லி வினாடிக்கு மேல் இருந்தால் மட்டுமே அது கோப்புகளைச் சேமிக்கத் தொடங்கும். அதுதான் அதன் இயல்பு அமைப்பு. எங்களுக்கு 60. அந்த எண்ணைக் குறைத்துவிட்டு இன்னொரு முறை முயன்று பாருங்கள். எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும்: அது படிப்பதற்குத்தான் உதவும். சேமிக்கும்போது எழுதுவதெல்லாம் நேராக உங்களிடம்தான் போகும், அந்த நடைகள் குறையாது.

கிளையில் ஒரு சர்வர் வைத்து இரவோடு இரவாகக் கோப்புகளை இரண்டு பக்கமும் ஒத்திசைப்பது என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. இதில் எனக்குத் தயக்கம் உண்டு. டிஎஃப்எஸ் ஒத்திசைவு பூட்டுகளை மறுபக்கம் கொண்டு போகாது. நான் இங்கே ஒரு கோப்பைத் திருத்த, அதே நேரம் நீங்கள் அங்கே அதைத் திருத்தினால், இரண்டு பேருக்கும் எச்சரிக்கை வராது. கடைசியாகச் சேமித்தவரின் கோப்பு நிற்கும். மற்றவருடையது ஒரு மறைவான ஃபோல்டருக்குப் போய்விடும். கணக்கு எழுதுபவனுக்கு இதைவிடப் பயம் வேறில்லை. எங்கள் கிளை மட்டும் தொடும் ஃபோல்டர்களுக்கு அது பொருந்தும். இரு பக்கமும் தொடும் கோப்புகளுக்கு வேண்டாம்.

அப்படிப்பட்ட கோப்புகளுக்கு, குறிப்பாக ஒன்றோடொன்று பின்னிய எக்செல் கோப்புகளுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் தரவுத்தளத்துக்கும், நான் கண்ட நல்ல வழி ரிமோட் டெஸ்க்டாப்தான். கோப்பை ஆளிடம் கொண்டுவருவதற்குப் பதில் ஆளைக் கோப்பிடம் அனுப்புவது. எக்செல் சர்வருக்குப் பக்கத்திலேயே ஓடும். எழுநூறு நடையும் உங்கள் அறைக்குள் முடிந்துவிடும். லைனில் வருவது திரையும் விசையழுத்தமும் மட்டும். 60 மில்லி வினாடியில் தட்டச்சு கொஞ்சம் பின்தங்குவது தெரியும், ஆனால் பழகிவிடும். ஆக்சஸுக்கு இது வசதி மட்டுமல்ல, அவசியம். எழுதிக்கொண்டிருக்கும்போது லைன் ஒரு கணம் அறுந்தால் தரவுத்தளமே கெட்டுப்போகலாம்.

தூரத்தைக் குறைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். 1,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குப் போய்வரவே 10 மில்லி வினாடி வேண்டும், அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் எங்கள் 60ல் எவ்வளவு உண்மையான தூரம், எவ்வளவு சுற்றுவழி? தடம் பார்க்கும் கட்டளையைப் போட்டால், எங்கள் போக்குவரத்து முதலில் மூன்றாவது ஒரு மையத்துக்குப் போய் அங்கிருந்து உங்களிடம் திரும்புவது போலத் தெரிகிறது. லைனுக்கு மறுபடி பணம் செலவழிப்பதாக இருந்தால், அகலத்தைக் கேட்காதீர்கள். நேர்வழியைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் எம்பிபிஎஸ் எழுதுவது போலவே போய்வரும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நடக்காததால் இங்கே என்ன நடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்துத் திருத்திவிட்டு, மாலையில் மறுபடி சர்வரில் போடுகிறார்கள். நானே அப்படிச் செய்திருக்கிறேன். 'இறுதி', 'இறுதி 2', 'சரியான இறுதி' என்று ஒரே கோப்பு பல பெயரில் கிடக்கிறது. போன காலாண்டில் ஒருவர் காலையில் எடுத்த நகலை மாலையில் மேலே போட்டதில், நடுவில் மற்றொருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பதிந்தது காணாமல் போனது. அன்று இரவு அவர் தனியாக உட்கார்ந்து மறுபடி பதிந்தார். உங்கள் காப்புப் பிரதியில் இந்த டெஸ்க்டாப் நகல்கள் எதுவும் இல்லை. ஒரு வட்டு போனால் அதோடு போய்விடும். விதியை மீறுகிறார்கள் என்று அவர்கள் மேல் சுற்றறிக்கை அனுப்பாதீர்கள். வேலையை முடிக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர்கள் அப்படிச் செய்கிறார்கள்.

நான் பதிவு செய்த வயர்ஷார்க் கோப்புகள், பழைய சர்வர் பெயர் ஒட்டியிருக்கும் கடிதங்களின் பட்டியல், இரண்டு வாரம் காலை, மதியம், மாலை என்று குறித்த திறப்பு நேரங்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், ஒரு நாள் காலை ஒன்பதரைக்கு எங்கள் மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்து வேலை பார்க்க வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வர முடியாவிட்டால் திரையைப் பகிர்ந்து காட்டுகிறேன். முதலில் அந்தக் கடிதத் தலைப்பு டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்கலாம். அதை அன்றே முடித்துவிடலாம்.

அன்புடன்,
கிளையிலிருந்து ஒரு கணக்கர்